மீக்கடத்து மெட்டாபொருளால் நுண்ணலைச் சுவிட்ச் அமைப்பது எப்படி: மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வடிவமைப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மின்காந்தச் சமிக்ஞையைத் திறந்து மூடுவதற்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்ற கேள்விக்கு, சுவிட்சின் உள்ளே இருக்கும் நுண்ணிய உறுப்பை மட்டும் பார்த்து விடை சொல்வது பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. உறுப்பு எடுத்துக்கொள்ளும் ஆற்றல் அற்பமாக இருக்கும். அதற்குக் கட்டளை கொண்டுசெல்லும் கம்பியும், அதைக் குளிரில் வைத்திருக்கும் கருவியும் அதைப் போல் பல ஆயிரம் மடங்கை விழுங்கிவிடும். இந்த வழிகாட்டி, மிகக் குளிரில் மின்தடையை இழக்கும் மீக்கடத்திகளால் ஆன மெட்டாபொருளைக் கொண்டு 20 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் ஒரு சுவிட்சை எண்களோடு வடிவமைத்துக் காட்டுகிறது. வடிவமைப்பின் ஒவ்வொரு படியிலும் ஆற்றல் எங்கே செலவாகிறது என்பதையே முதன்மையாகக் கவனிப்போம்.

மெட்டாபொருள் என்பது, தன்மீது விழும் அலையின் நீளத்தைவிட மிகச் சிறிய ஒத்ததிர்வு அலகுகளை வரிசையாக அடுக்கி உருவாக்கும் செயற்கை ஊடகம். அலைக்குத் தனித்தனி அலகுகள் தெரிவதில்லை; அவற்றின் கூட்டு விளைவே ஊடகத்தின் பண்பாகத் தோன்றுகிறது. செம்பு அல்லது தங்கத்தால் செய்த அலகுகளை மிகச் சிறிதாக்கும்போது மின்தடை இழப்பு ஒத்ததிர்வை மழுங்கடித்துவிடும். 10 கிகாஹெர்ட்ஸில், அறை வெப்பநிலையில், செம்பின் மேற்பரப்புத் தடை ஏறத்தாழ 26 மில்லி ஓம், 4.2 கெல்வினில் உள்ள நையோபியத்தில் அது சில பத்து மைக்ரோ ஓம் மட்டுமே. நூற்றுக்கணக்கான மடங்கான இந்த வேறுபாடு ஒரு காரணம். புறத்தூண்டலுக்கு ஏற்பத் தன் மின்தூண்டல் எண்ணை மாற்றிக்கொள்ளும் இயல்பு மீக்கடத்திக்கு இயற்கையிலேயே இருப்பது, அதைவிட முக்கியமான இரண்டாவது காரணம்.

முதற்படி: எந்த வழியில் நிலைமாற்றுவது என்று தீர்மானித்தல்

மீக்கடத்து அலகின் ஒத்ததிர்வை நகர்த்தப் பல வழிகள் உண்டு. வெப்பநிலையை உயர்த்தலாம், காந்தப்புலத்தைச் செலுத்தலாம், அலகின் வழியே நேரடியாக மின்னோட்டத்தை விடலாம், மீக்கடத்தலுக்குக் காரணமான எலக்ட்ரான் இணைகளாகிய கூப்பர் இணைகளை ஒளித்துடிப்பால் உடைக்கலாம், அல்லது அலகுக்குள் ஒரு ஜோசப்சன் சந்தியை (மிக மெல்லிய மின்காப்பால் பிரிக்கப்பட்ட இரு மீக்கடத்திகளை) வைத்து அதன் காந்தப்பாயத்தை மாற்றலாம்.

இவற்றுள் முதல் நான்கும் ஏதோ ஒரு வகையில் மீக்கடத்து நிலையையே பலவீனப்படுத்திப் பயன் பெறுகின்றன. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு 2012-இல் நையோபியப் படலத்தால் ஆன மெட்டாபொருள் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, டெராஹெர்ட்ஸுக்குக் கீழான அலைகளின் ஊடுருவலை 45 விழுக்காடு வரை மாற்றிக் காட்டியது. அவர்கள் அளந்த மாற்றவேகம் குறைந்தது 100 கிலோஹெர்ட்ஸ். மின்னோட்டத்தின் காந்தப்புலமும் அது எழுப்பும் வெப்பமும் சேர்ந்து மீக்கடத்தலை அடக்கியதே அந்த மாற்றத்துக்குக் காரணம் என்று அவர்களே கண்டறிந்தார்கள். வெப்பம் இடையில் வந்துவிட்டால் வேகமும் சிக்கனமும் ஒருசேரக் குறையும் என்பதற்கு இது நல்ல சான்று. நையோபியத்தின் ஆற்றல் இடைவெளிக்குரிய அதிர்வெண் ஏறத்தாழ 700 கிகாஹெர்ட்ஸ் என்பதால், சில நூறு கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்பவருக்கு அவ்வழியே பொருத்தமாக இருக்கலாம்.

நுண்ணலைப் பகுதிக்கு ஐந்தாவது வழியையே நான் பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு ஜோசப்சன் சந்தியால் இடைமறிக்கப்பட்ட மீக்கடத்து வளையமே இங்கே அலகு. இதை ஒற்றைச் சந்தி ஸ்குவிட் என்பார்கள். இதில் மீக்கடத்தல் எங்கும் குலைவதில்லை, வளையத்தினுள் காந்தப்பாயம் மட்டும் மாறுகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2013-இல் இத்தகைய அலகுகளின் ஒத்ததிர்வை மொத்தம் 56 விழுக்காடு வரை நகர்த்திக் காட்டினார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உஸ்தினோவ் தலைமையிலான குழு, ஒரே அலகு ஒரே நேரத்தில் பல நிலையான இயக்கநிலைகளைக் கொண்டிருக்க முடியும் என்பதையும், நானோவினாடி நீளமுள்ள நுண்ணலைத் துடிப்புகளால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவச் செய்ய முடியும் என்பதையும் 2014-இல் நிறுவியது.

இரண்டாம் படி: ஓர் அலகின் எண்களைக் கணித்தல்

வடிவமைப்பின் உயிர்நாடி இந்தப் படிதான் என்பதால் இதில் அவசரம் கூடாது. மூன்று அளவுகளை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்: வளையத்தின் மின்தூண்டல் எண், சந்தியின் மாறுநிலை மின்னோட்டம் (மின்தடையின்றி அது சுமக்கக்கூடிய உச்ச மின்னோட்டம்), மொத்த மின்தேக்குத்திறன். முதலிரண்டையும் பெருக்கி, அதை 2π மடங்காக்கி, மீக்கடத்து வளையத்தில் காந்தப்பாயத்தின் அடிப்படை அலகாகிய பாயக் குவாண்டமான 2.068×10⁻¹⁵ வெபரால் வகுத்தால் கிடைக்கும் பரிமாணமற்ற எண்ணைப் பீட்டா என்று அழைப்போம். பீட்டா 1-ஐத் தாண்டினால் வளையத்துக்குள் பாயம் தயக்கச் சுழலோடு திடீரெனத் தாவத் தொடங்கும், ஒவ்வொரு தாவலும் ஆற்றலை இழக்கும். நினைவகம் வேண்டுமென்றால் அது பயன்படலாம். சிக்கனமான சுவிட்சுக்கு ஆகாது. மிகச் சிறிய பீட்டாவை எடுத்தால் ஒத்ததிர்வு நகரும் தூரம் குறைந்துவிடும். 0.8 ஒரு நல்ல நடுநிலை.

பக்கம் 50 மைக்ரோமீட்டர் கொண்ட சதுர வளையத்துக்கு, பட்டையின் அகலத்தைப் பொறுத்து, மின்தூண்டல் எண் ஏறத்தாழ 100 பிக்கோ ஹென்றி என்று கொள்ளலாம். பீட்டா 0.8 ஆக இருக்க, மாறுநிலை மின்னோட்டம் 2.6 மைக்ரோ ஆம்பியர் வேண்டும். சதுர மைக்ரோமீட்டருக்கு 1 மைக்ரோ ஆம்பியர் தாங்கும் சந்திகளைச் செய்யும் முறையில், சந்தியின் பக்கம் 1.6 மைக்ரோமீட்டர் ஆகிறது.

இனி மின்தேக்குத்திறன். சந்தி இல்லாமல் வளையமும் மின்தேக்கியும் மட்டும் இருந்தால் கிடைக்கும் அதிர்வெண்ணை அடிப்படை அதிர்வெண் என்போம். முதலில் 10 கிகாஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டால் 2.5 பிக்கோ ஃபாரட் தேவைப்படும். 200 நானோமீட்டர் தடிப்புள்ள சிலிக்கான் டைஆக்சைடு படலத்தில் அந்த மின்தேக்கியைக் கட்டினால் அதன் பக்கம் ஏறத்தாழ 115 மைக்ரோமீட்டர் வருகிறது. வளையத்தைவிட மின்தேக்கி இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிவிடுகிறது. இப்படி ஒரு படியில் எடுத்த முடிவு அடுத்த படியில் இடிப்பது இத்துறையில் இயல்பு. திரும்பிச் சென்று திருத்துவதே முறை. அடிப்படை அதிர்வெண்ணை 15 கிகாஹெர்ட்ஸாக உயர்த்தினால் 1.13 பிக்கோ ஃபாரட் போதும். அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைச் சந்தியே தந்துவிடும். படலத்தை 100 நானோமீட்டராகக் குறைத்தால், மீதி 1 பிக்கோ ஃபாரடுக்கு 53 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள தகடு போதுமானது.

இப்போது ஒத்ததிர்வின் நகர்வைப் பார்க்கலாம். அலகின் அதிர்வெண், அடிப்படை அதிர்வெண்ணை (1 + பீட்டா × கோசைன் கட்டம்) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்கக் கிடைக்கும். இங்கே கட்டம் என்பது சந்தியின் குறுக்கேயுள்ள கட்ட வேறுபாடு. அந்தக் கட்டத்தோடு அதன் சைனைப் பீட்டாவால் பெருக்கிக் கூட்டினால், பாயக் குவாண்டம் அலகில் அளந்த புறப்பாயத்தின் 2π மடங்கு வர வேண்டும் என்பதே அதை நிர்ணயிக்கும் நிபந்தனை. பாயம் பூச்சியமாக இருக்கும்போது நம் அலகு 20.1 கிகாஹெர்ட்ஸிலும், அரைப் பாயக் குவாண்டத்தில் 6.7 கிகாஹெர்ட்ஸிலும் ஒத்ததிர்கிறது.

மூன்றாம் படி: முழு நகர்வையும் பயன்படுத்தாமல் இருத்தல்

20-இலிருந்து 6.7-க்கு நகரும் வீச்சைப் பார்த்தவுடன் அதை முழுவதும் பயன்படுத்தத் தோன்றும். சிக்கனம் கருதுபவர் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். சுவிட்சுக்குத் தேவையானது ஒத்ததிர்வை அதன் கோட்டகலத்தை, அதாவது அது பரவியிருக்கும் அதிர்வெண் அகலத்தை, போல் சில மடங்கு விலக்குவது மட்டுமே. ஒத்ததிர்வின் கூர்மையைக் குறிக்கும் தரக்காரணி 300 என்றால் 20 கிகாஹெர்ட்ஸில் கோட்டகலம் 67 மெகாஹெர்ட்ஸ். பத்து கோட்டகலம் விலக்க ஒத்ததிர்வு 19.45 கிகாஹெர்ட்ஸுக்கு வந்தால் போதும். மேலே சொன்ன நிபந்தனையில் இட்டுப் பார்த்தால், அதற்கு வேண்டிய பாயம் 0.155 பாயக் குவாண்டம். பாயத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் உயர்வதால், அரைக் குவாண்டத்துக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே இங்கே ஆகிறது. ஓர் அலகுக்கு அது ஏறத்தாழ 5×10⁻²² ஜூல்.

பூச்சியப் பாயத்தை மூடிய நிலையாக, அதாவது ஒத்ததிர்வு சமிக்ஞையை மறிக்கும் நிலையாக, தேர்ந்தெடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அந்த இடத்தில் அதிர்வெண்–பாய வளைவு தட்டையாக இருப்பதால், சிறு காந்த இரைச்சல் ஒத்ததிர்வை அசைக்காது.

ஆனால் தரக்காரணியை விருப்பம்போல் உயர்த்திக்கொண்டே போக முடியாது. மூன்று தடைகள் குறுக்கே நிற்கின்றன. முதலாவது வேகம்: தரக்காரணி 300 உள்ள அலகில் தேங்கிய அலை அடங்க ஏறத்தாழ 5 நானோவினாடி பிடிக்கும், தரக்காரணி 100 என்றால் 1.6 நானோவினாடி. இரண்டாவது வெப்ப அசைவு: 4.2 கெல்வினில் சந்தியின் கட்டம் தானாகவே 0.17 ரேடியன் அளவுக்கு அலைபாய்கிறது. வளைவு தட்டையாக இருந்தும், இந்த அசைவு ஒத்ததிர்வைச் சராசரியாக 65 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஏறத்தாழ ஒரு கோட்டகலம், கீழிறக்கிவிடுகிறது. ஆகவே இந்த வெப்பநிலையில் தரக்காரணியை 300-க்கு மேல் உயர்த்துவதற்குச் செலவிடும் உழைப்பு வீண். மூன்றாவது தடை உற்பத்திச் சிதறல். மாறுநிலை மின்னோட்டம் அலகுக்கு அலகு 5 விழுக்காடு வேறுபட்டால் ஒத்ததிர்வுகள் 220 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குச் சிதறும். அது மூன்று கோட்டகலத்துக்கும் மேல். பத்து கோட்டகல விலக்கு என்பது உண்மையில் மூன்று சிதறல் அகலம்தான் என்பதை நினைவில் கொண்டால், விலக்கை அதற்கும் கீழே குறைக்கும் துணிச்சல் யாருக்கும் வராது.

நான்காம் படி: அலகுகளை அடுக்குதலும் கட்டளைக் கம்பியும்

20 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெற்றிடத்தில் 15 மில்லிமீட்டர். 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அலகுகளை வைத்தால் ஓர் அலைநீளத்துக்குள் 150 அலகுகள் அடங்குகின்றன. மெட்டாபொருள் என்று அழைக்கத் தேவையான நிபந்தனை தாராளமாக நிறைவேறுகிறது.

சமதள நுண்ணலைத் தடத்தில், நடுக்கடத்திக்கும் இருபுறத் தரைக்கடத்திகளுக்கும் இடையிலுள்ள பிளவுகளில் பக்கத்துக்கு நூறாக 200 அலகுகளை 10 மில்லிமீட்டர் நீளத்தில் பதிக்கலாம். இந்த அமைப்பை நான் விரும்புவதற்குக் காரணம், சமிக்ஞை செல்லும் நடுக்கடத்தியே கட்டளை மின்னோட்டத்தையும் சுமக்க முடிவதுதான். சமிக்ஞையையும் நேர்மின்னோட்டத்தையும் தடத்தின் இரு முனைகளிலும் பிரித்துக்கொள்ளலாம். இருபுறப் பிளவுகளிலும் காந்தப்புலத்தின் திசை எதிரெதிராக இருக்கும். ஆயினும் ஒத்ததிர்வு பாயத்தின் குறியைச் சார்ந்ததல்ல என்பதால் இரு வரிசைகளும் ஒன்றாகவே நகரும். வெளியிலிருந்து அந்நியப் புலம் நுழைந்துவிட்டால், ஒரு வரிசையில் பாயம் கூடும், மற்றொன்றில் குறையும், ஊடுருவலில் தெரியும் ஒத்ததிர்வுப் பள்ளம் இரண்டாகப் பிளக்கும். அளவீட்டின்போது இந்தப் பிளவைக் கண்டால் காந்தக் கவசத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆற்றல் கணக்கு இங்கேதான் தெளிவாகிறது. நடுக்கடத்திக்கும் அலகுக்கும் இடையிலான பரிமாற்று மின்தூண்டல் எண் 10 பிக்கோ ஹென்றி என்றால், தேவையான பாயத்தை 32 மைக்ரோ ஆம்பியர் தந்துவிடும். 200 அலகுகளும் சேர்ந்து ஏற்கும் ஆற்றல் 1×10⁻¹⁹ ஜூல். 10 மில்லிமீட்டர் தடத்தைச் சூழ்ந்த காந்தப்புலத்தில் தேங்குவது 2×10⁻¹⁸ ஜூல், அதாவது இருபது மடங்கு. இதே பாயத்தை வெளியிலுள்ள கம்பிச்சுருளால் கொடுக்க முயன்றால், 0.13 மைக்ரோ டெஸ்லா புலத்தை ஒரு கன சென்டிமீட்டர் கொள்ளளவில் நிரப்ப வேண்டும், அதற்கு 6.5×10⁻¹⁵ ஜூல் ஆகும். அலகுகள் அதே அலகுகள், நிலைமாற்றமும் அதே நிலைமாற்றம்; கட்டளை வந்த வழி மாறியதால் மட்டும் செலவு மூவாயிரம் மடங்கு உயர்ந்துவிட்டது.

கட்டளைக் கம்பியின் முடிவில் 50 ஓம் தடையைக் குளிர்ப்பகுதியிலேயே வைத்தால், சுவிட்ச் திறந்திருக்கும் காலம் முழுவதும் 51 நானோவாட் வெப்பம் எழும். திறந்த நிலையில் நெடுநேரம் நிற்க வேண்டிய சுவிட்சுக்குக் கட்டளைப் பாதையை மீக்கடத்தியாலேயே மூடிவிடுவது நல்லது. அப்போது தாங்கிநிற்கும் செலவு குளிர்ப்பகுதியில் அற்றுப்போகும்.

ஐந்தாம் படி: உருவாக்கம்

நையோபியம், அலுமினியம் ஆக்சைடு, நையோபியம் என்ற மூவடுக்குச் சந்தி 1980-களிலிருந்து நிலைபெற்ற முறை. மூன்று அடுக்குகளையும் வெற்றிடத்தை உடைக்காமல் ஒரே தொடர்ச்சியில் படியவைத்து, பின்னர் சந்திகளைச் செதுக்கி எடுப்பதே இதன் சிறப்பு. ஆக்சிஜன் அழுத்தமும் ஆக்சிஜனேற்ற நேரமும் மாறுநிலை மின்னோட்ட அடர்த்தியைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு சில்லிலும் சில தனிச் சந்திகளைச் சோதனைக்கென்று ஒதுக்கிவைப்பது கட்டாயம். அவற்றை நேர்மின்னோட்டத்தில் அளந்து உண்மையான பீட்டாவை அறிந்த பிறகே நுண்ணலை அளவீட்டுக்குச் செல்ல வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒன்றை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். மீக்கடத்துப் பட்டை குளிரும்போது அதனுள் காந்தச் சுழிகள் சிறைப்படும் எல்லைப்புலம், பாயக் குவாண்டத்தைப் பட்டை அகலத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவைச் சார்ந்தது. 5 மைக்ரோமீட்டர் அகலமுள்ள வளையப் பட்டைக்கு இது 80 மைக்ரோ டெஸ்லாவைத் தாண்டுவதால், புவியின் காந்தப்புலத்தில் குளிர்ந்தாலும் சுழி சிறைப்படுவது அரிது. ஆனால் 53 மைக்ரோமீட்டர் மின்தேக்கித் தகட்டுக்கு அது 0.74 மைக்ரோ டெஸ்லாவாக விழுந்துவிடுகிறது. வளையத்தை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் மின்தேக்கித் தகடே சுழிகளைப் பிடித்துவைத்து, அருகிலுள்ள வளையத்தின் பாயத்தைக் கெடுக்கும். தகட்டில் குறுகிய வெட்டுகளை இட்டு அதைப் பல பட்டைகளாகப் பிரிப்பது எளிய பரிகாரம்.

ஆறாம் படி: குளிர்வித்தலும் அளவீடும்

புவிக்காந்தப்புலம் 50 மைக்ரோ டெஸ்லா என்று கொண்டால் நம் வளையத்தின் வழியே அது 60 பாயக் குவாண்டங்களைச் செலுத்தும். நமக்குத் தேவையான கட்டளையோ 0.155. இந்த ஒப்பீடே காந்தக் கவசத்தின் அவசியத்தைச் சொல்லிவிடும். வெளியே உயர் ஊடுதிறன் உலோகக் கவசமும், உள்ளே ஈயம் அல்லது நையோபியத்தால் ஆன மீக்கடத்துக் கவசமும் வேண்டும். சில்லுக்கு அருகில் காந்தத்தன்மை கொண்ட திருகு, இணைப்பி எதுவும் இருக்கக்கூடாது. நையோபியத்தின் மாறுநிலை வெப்பநிலையான 9.2 கெல்வினை மெதுவாகக் கடந்து குளிர்விக்க வேண்டும்.

உள்வரும் கம்பியில் ஒவ்வொரு குளிர்ப்படியிலும் ஒடுக்கிகளை வைத்து அறைவெப்ப இரைச்சலை அடக்க வேண்டும். வெளிச்செல்லும் பாதையில் குளிர்நிலை மிகைப்பியை வைக்க வேண்டும். சமிக்ஞைத் திறனைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. தடத்தில் −80 டெசிபெல்-மில்லிவாட் (ஒரு மில்லிவாட்டில் பத்து கோடியில் ஒரு பங்கு) செலுத்தினால், அது அலகில் தூண்டும் பாயம் 0.003 குவாண்டம் மட்டுமே என்று தோன்றும். ஆனால் ஒத்ததிர்வில் தரக்காரணி அதைப் பெருக்குவதால் சந்தியின் கட்டம் சில ரேடியன் வரை ஊசலாடி, அலகு நேர்கோட்டு இயல்பை இழந்துவிடும். −110-இல் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துங்கள். பள்ளத்தின் இடமும் ஆழமும் திறனைச் சாராமல் நிற்கும் பகுதியே சுவிட்சின் இயங்கு எல்லை. அதற்கு மேலே, இடைநிலைத் திறன்களில், கட்டளையே இல்லாமல் ஊடகம் தானாக ஒளிபுகும் நிலைக்குச் சென்றுவிடுவதை மேரிலாந்து ஆய்வு காட்டியிருக்கிறது. அதைச் சுவிட்ச் திறந்ததாகத் தவறாக எண்ணிவிடக் கூடாது.

கட்டளை மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றி, ஒவ்வோர் அளவிலும் ஊடுருவலைப் பதிவு செய்தால், அதிர்வெண்–மின்னோட்டத் தளத்தில் வளைவுகள் சீராகத் திரும்பத் திரும்ப வரும். அடுத்தடுத்த இரு உச்சிகளுக்கிடையிலான மின்னோட்டமே ஒரு பாயக் குவாண்டம். அதிலிருந்து உண்மையான பரிமாற்று மின்தூண்டல் எண்ணை நேரடியாகப் பெறலாம். நம் கணக்குப்படி அது 207 மைக்ரோ ஆம்பியராக வர வேண்டும். மின்னோட்டத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாவிட்டால், பீட்டா 1-ஐத் தாண்டிவிட்டது அல்லது சுழி சிறைப்பட்டிருக்கிறது. மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே சூடாக்கி மீண்டும் குளிர்வித்துப் பாருங்கள்: பொருத்தமின்மை இடம் மாறினால் காரணம் சுழி, மாறாமல் நின்றால் பீட்டா.

ஏழாம் படி: குளிரூட்டியையும் சேர்த்துக் கணக்கிடுதல்

4.2 கெல்வினில் எழும் ஒரு வாட் வெப்பத்தை அறை வெப்பநிலைக்கு வெளியேற்ற, இயற்பியல் விதியின்படியே குறைந்தது 70 வாட் தேவை. சிறிய குளிரூட்டிகளில் அது நடைமுறையில் சில ஆயிரம் வாட் ஆகிறது. ஐயாயிரம் என்று கொண்டால் நம் 51 நானோவாட், மின்னிணைப்பில் கால் மில்லிவாட்டாகத் தெரியும். குறைகடத்தியாலான ஒரு பின் டையோடு நுண்ணலைச் சுவிட்ச் திறந்திருக்கச் சில மில்லிவாட் முதல் பத்து மில்லிவாட் அளவில் எடுத்துக்கொள்கிறது. இந்த ஒப்பீட்டில் மீக்கடத்துச் சுவிட்ச் வெல்கிறது. ஆனால் அதற்கென்றே ஒரு குளிரூட்டியை வாங்கி நிறுவினால், சுவிட்ச் சும்மா இருக்கும்போதும் அந்தக் கருவி கிலோவாட் கணக்கில் மின்சாரம் உண்ணும். கணக்கு முற்றிலும் தலைகீழாகிவிடும்.

எனவே இச்சுவிட்சைத் தனிக்கருவியாகக் கருதாமல், ஏற்கெனவே குளிரில் இயங்கும் அமைப்புகளின் உட்பகுதியாகவே திட்டமிட வேண்டும். மீக்கடத்துக் குவாண்டம் பிட்டுகளின் வாசிப்புப் பாதைகளும், வானொலி வானியலின் குளிர்நிலை ஏற்பிகளும் அப்படிப்பட்டவை. அங்கே குறைகடத்திச் சுவிட்ச் சிந்தும் ஒவ்வொரு மில்லிவாட்டும் குளிரூட்டியின் மிக அரிதான தாங்குதிறனைத் தின்கிறது. சமிக்ஞைகளும் இயல்பாகவே மிகப் பலவீனமாக இருப்பதால், நம் அலகின் சிறிய திறனெல்லை அங்கே இடைஞ்சலாவதில்லை. குவாண்டம் பிட்டு வாசிப்பு பெரும்பாலும் 4 முதல் 8 கிகாஹெர்ட்ஸில் நடப்பதால், அதற்குப் பயன்படுத்துவோர் இரண்டாம் படிக்குத் திரும்பி மின்தேக்கியைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். பெரிதான தகட்டுக்கு ஐந்தாம் படியில் சொன்ன வெட்டுகளும் கூடுதலாகத் தேவைப்படும். வெப்பநிலை மில்லிகெல்வினுக்கு இறங்குவதால், தரக்காரணிக்குத் தடையாக நின்ற வெப்ப அசைவு பெருமளவு விலகிவிடும். அப்போது எஞ்சி நிற்கும் தடைகள் உற்பத்திச் சிதறலும், மின்தேக்கிப் படலத்தின் மின்காப்பு இழப்பும்.